கோச்சை மாற்றினால் கோல் வந்துவிடுமா?

2025 நவம்பரில் இந்திய கால்பந்து அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்ற அன்று ராத்திரியே "கோச் காலித் ஜமீலைத் தூக்குங்கள்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கோபம் நியாயமானதுதான். 22 வருஷத்துக்குப் பிறகு அவர்களிடம் தோற்றிருக்கிறோம். 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அதற்கு முந்தைய மாதமே அடைபட்டுவிட்டது. ஆனால் அடுத்தவர் யார் என்று பெயர்களை அடுக்கும் முன், கடைசி மூன்று பேரை நாம் எப்படிப் பிடித்தோம் என்று கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் போனவரிடம் எது பிடிக்கவில்லையோ, அதற்கு நேர்மாறான ஆளைத்தான் கொண்டுவந்திருக்கிறோம். அணிக்கு என்ன தேவை என்று யோசித்து எடுத்த முடிவு மாதிரி ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

2019-இல் இகோர் ஸ்டிமாச் வந்தார். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர், பிறகு அந்த அணிக்கே கோச்சாக இருந்தவர். பெரிய பெயர். 2023-இல் இன்டர்காண்டினென்டல் கோப்பை, தெற்காசிய அணிகளுக்கான சாஃப் கோப்பை என்று ஜெயித்து, தரவரிசையில் நூறுக்குள் வந்தபோது எல்லோரும் கொண்டாடினோம். ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். சில மாதத்தில் ஆசியக் கோப்பை. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அப்புறம் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. 2024 ஜூனில் நீக்கினார்கள். ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் பெரிய தொகையைக் கொடுத்துத்தான் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. பணமில்லாத கால்பந்துக் கூட்டமைப்பு செய்கிற காரியமா இது?

அடுத்து, "இந்திய ஆட்டக்காரர்களைத் தெரிந்த ஆள் வேண்டும்" என்றார்கள். ஹைதராபாத் எஃப்சி கிளப்புக்கு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிக் கொடுத்த ஸ்பானியர் மனோலோ மார்க்கெஸ் வந்தார். நல்ல கோச், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எஃப்சி கோவா கிளப்பையும் நடத்திக்கொண்டே இந்திய அணியையும் பார்க்கச் சொன்னார்கள். ஒரு சீசன் முழுக்க நாட்டின் அணிக்குப் பகுதிநேர கோச்! எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில். ஷில்லாங்கில் நடந்த அந்த ஆட்டத்துக்கு, ஓய்வு பெற்றுப் போயிருந்த முன்னாள் கேப்டன் சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்தார்கள். அவரும் வந்து கோல் அடித்தார்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டதற்கு மார்க்கெஸைத் திட்டியவர்கள் அந்த சீசனின் கோல் கணக்கைப் பார்க்கட்டும். 2024-25 ஐஎஸ்எல்லில் அதிக கோல் அடித்த இந்தியர் சேத்ரிதான், 14 கோல். வேறு யாரைக் கூப்பிடுவது? கிளப்களில் நடுவில் நிற்கும் ஸ்ட்ரைக்கர் இடம் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு. நம் பையன்கள் விங்கில் ஓடுவார்கள், பந்தை உள்ளே அனுப்புவார்கள், கோலை வேறொருவர் அடிப்பார். வருஷம் முழுக்க அப்படி ஆடிவிட்டு இந்திய சட்டை போட்டதும் பெனால்டி பாக்ஸுக்குள் பந்து வரும்போது கால் தடுமாறாமல் என்ன செய்யும்? ஹாங்காங்குக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், அவர்கள் ஊரில், நம் ஆஷிக் குருணியன் தவறவிட்ட வாய்ப்பை நினைத்துப் பாருங்கள். அது உள்ளே போயிருந்தால் மார்க்கெஸ் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். கடைசி நிமிஷத்தில் பெனால்டி கொடுத்து 0-1. அவரும் போனார்.

அப்புறம் "இந்தியர் வேண்டும்" அலை. 170 விண்ணப்பங்கள் வந்தன. முன்னாள் ஆட்டக்காரர் ஐ.எம். விஜயன் தலைமையிலான டெக்னிகல் கமிட்டி, ஏற்கெனவே இந்திய கோச்சாக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவை யூரோ போட்டிக்குக் கொண்டுபோன ஸ்டெஃபான் டார்கோவிச், ஜமீல் என்று மூன்று பேரைச் சலித்து எடுத்தது. 2025 ஆகஸ்டில் ஜமீல் கோச் ஆனார். ஐஸ்வால் எஃப்சி என்ற சின்ன கிளப்பை வைத்துக்கொண்டு 2016-17 ஐ-லீக் பட்டத்தை ஜெயித்த மனிதர். கையில் இருப்பதை வைத்து எதிராளியைத் திணறடிக்கத் தெரிந்தவர். எனக்கு மிகவும் பிடித்த கோச்.

அவருக்கு என்ன கொடுத்தோம்? முதல் கேம்ப்புக்கே மோகன் பகான் கிளப் தன் ஆட்டக்காரர்களை அனுப்பவில்லை. நாட்டு அணி ஆட்டங்களுக்கென்று ஃபிஃபா ஒதுக்கும் தேதிகளுக்கு வெளியே என்பதால் விதிப்படி அவர்கள் அனுப்ப வேண்டியதும் இல்லை. ஐஎஸ்எல் நடக்குமா நடக்காதா என்று தெரியாமல், ஆட்டக்காரர்கள் லீக் ஆட்டம் ஆடாமல் வந்தார்கள். அப்படியும் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றார்கள், ஓமனை பெனால்டியில் வீழ்த்தி மத்திய ஆசிய அமைப்பு நடத்தும் காஃபா கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். பிறகு அக்டோபரில் கோவாவின் ஃபட்டோர்டாவில் சிங்கப்பூருடன் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். 14-ஆவது நிமிஷம் நம் சாங்தே தூரத்திலிருந்து அடித்த அந்த கோல் எவ்வளவு அழகு! இடைவேளைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சிங்கப்பூரின் சாங் உய்-யங் சமன் செய்தார், 58-ஆவது நிமிஷம் அவரே இன்னொன்று. மீதி அரை மணி நேரத்துக்கு மேல் நாம் பந்தை வைத்துக்கொண்டு சுற்றினோமே தவிர, உள்ளே தள்ள ஆளில்லை. ஸ்டிமாச் காலத்து வியாதியேதான்.

நம்மை டாக்காவில் தோற்கடித்த அணியின் கோச் ஹாவியர் கப்ரேரா அந்த வேலைக்கு வந்தது 2022 ஜனவரியில். நடுவில் எத்தனையோ தோல்வி. வைத்துக்கொண்டார்கள்.

பழைய இந்திய கோச் சையத் அப்துல் ரஹீம் பெயரை எல்லோரும் இழுக்கிறார்கள், நானும் இழுக்கிறேன். 1950-இலிருந்து 1963-இல் இறக்கும் வரை 13 வருஷம். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அவரும் கூடவே ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியைப் பார்த்துக்கொண்டவர்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இந்திய அணியில் பல பேர் அவர் ஊரில் அவரிடமே பழகியவர்கள். இன்றைய கோச்சுக்கு ஒரு ஃபிஃபா இடைவெளியில் கிடைப்பது பத்து நாள்.

அதனால் என் கருத்து: ஜமீலை ஒப்பந்தம் முடியும்வரை விடுங்கள். அவருக்குப் பிறகு வருபவர் இந்தியரா, ஸ்பானியரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. விளம்பரம் கொடுக்கும்போதே டெக்னிகல் கமிட்டி சில விஷயங்களை எழுதிப் போடட்டும். எந்தப் போட்டி வரை இந்த வேலை, கேம்ப்புக்கு எத்தனை நாள், ஆட்டக்காரர்களை அனுப்ப எந்தெந்த கிளப் சம்மதித்திருக்கிறது, எந்த வயது அணியிலிருந்து ஸ்ட்ரைக்கர்களை வளர்க்கப் போகிறோம், அதில் சீனியர் கோச்சுக்கு என்ன அதிகாரம். வேறு கிளப் வேலை கூடாது என்பதையும் சேர்த்து. இதெல்லாம் வெளியே வந்த பிறகு பெயர்களைப் பேசலாம்.