வேகம் மட்டும் பார்த்தால் போதுமா?

ஆப்புக்கான லைப்ரரிகளை ஒப்பிடும் உங்கள் பதிவில், சர்வரிலிருந்து வரும் தரவை ஆப் பயன்படுத்தும் ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் ஜீசான் (Gson), மோஷி (Moshi), புரோட்டோபஃப் (Protobuf) மூன்றையும் வேகத்தை வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். சரி, ஆனால் கோட்லின் (Kotlin) நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு ஜீசான் தரும் பெரிய தலைவலி வேகம் இல்லை. ஒரு புலம் (field, பெயர், வயது போல ஒரு தரவுக்கான இடம்) நல் (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) ஆகவே கூடாது என்று அறிவித்திருப்போம். சர்வர் அதை அனுப்பாவிட்டால் ஜீசான் சத்தமில்லாமல் null-ஐ உள்ளே வைத்துவிடும். எல்லாப் புலங்களுக்கும் டீஃபால்ட் மதிப்பு (எதுவும் வராவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டிய மதிப்பு) கொடுத்திருந்தால் தப்பிக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்காமல் விட்டாலும், ஆப்ஜெக்டை முறைப்படி அமைக்கும் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமலே ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும், மற்ற டீஃபால்ட்டுகளும் போச்சு. அப்புறம் சம்பந்தமே இல்லாத திரையில் ஆப் கிராஷ் ஆகும். மோஷியின் கோட்லின் அடாப்டரும், இதே வேலைக்கான கோட்லினின் சொந்த லைப்ரரியான கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனும் (kotlinx.serialization), வந்த தரவைப் படித்துப் பிரிக்கும்போதே, எந்தப் புலம் இல்லை என்று பெயர் சொல்லி நிறுத்திவிடும். எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

புரோட்டோபஃப் சிறியதாக இருப்பது உண்மை, புலத்தின் பெயருக்குப் பதில் எண்தான் போகிறது. அதனாலேயே, நீக்கிய புலத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது. பழைய பதிப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், அவர்களுடைய ஆப் அதைத் தப்பாகப் படிக்கும்.

தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் தரவை (ஸ்ட்ரீம்) கையாள ஆர்எக்ஸ்ஜாவாவா (RxJava), கோட்லினின் ஃப்ளோவா (Flow) என்று உங்கள் பதிவில் ஒப்பிடும் பகுதியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஆர்எக்ஸ்ஜாவா 2 முதல் ஸ்ட்ரீமில் நல் அனுப்பவே முடியாது, ஃப்ளோவில் முடியும். அதோடு ஸ்கோப் (அந்த வேலை ஓடும் எல்லை, ஒரு திரையின் ஆயுள் போல) முடிந்தால் ஃப்ளோவிலிருந்து தரவைப் பெறுவதும் தானாக நிற்கும். ஆர்எக்ஸ்ஜாவாவில் அதை நிறுத்துவது (டிஸ்போஸ்) நம் பொறுப்பு. புதிய கோட்லின் ஆப் என்றால் நான் ஃப்ளோ பக்கம்தான். ஜாவாவிலேயே இருக்கும் பழைய கோடை இதற்காகக் கலைக்க மாட்டேன்.