பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒண்ணையொண்ணு கொன்னுடுமா?

"உடம்புல பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து வந்தா ரெண்டும் அடிச்சிக்கிட்டு தானா அழிஞ்சிடும், மிச்சத்துக்கு ஒரு ஆன்டிபயாடிக் போதும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்புங்க. 1928ல பென்சிலின் கண்டுபிடிச்ச விஞ்ஞானி ஃபிளெமிங் பாத்த பூஞ்சை பாக்டீரியாவ தடுத்தது நெசம்தான், ஆனா அது லேப் தட்டு, உடம்பு இல்ல. கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையோட இழைய பிடிச்சிக்கிட்டு ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா திசுவுக்குள்ள போயிடும், ரெண்டும் சேர்ந்து பிசின் மாதிரி ஒரு படலம் கட்டும், அதுக்குள்ள மருந்தும் சரியா இறங்காது, வெள்ளை அணுக்களும் திணறும். எலிகள்ல பாத்தப்போ, இந்த ரெண்டு கிருமியையும் தனித்தனியா குடுத்தா கொல்லாத அளவு, சேத்து குடுத்தப்போ எலிய கொன்னுது. அப்புறம் அந்த ஒரு மாத்திரை கத (இதத்தான் தாங்க முடியல), ஆன்டிபயாடிக் பூஞ்சைய தொடவே தொடாது, நல்ல பாக்டீரியாவ அழிச்சி கேண்டிடாவுக்கு இடம்தான் விட்டுக்குடுக்கும். கல்ச்சர் டெஸ்ட் (எந்த கிருமின்னு லேப்ல வளத்து பாக்கறது) பாத்து தேவைப்பட்டா ரெண்டுக்கும் தனித்தனி மருந்து குடுப்பாங்க.