அந்தச் சுவரை இடிக்காதீர்கள்

அமெரிக்காவின் சின்ன ஊர்களில், கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய ரயில் நிலையங்களை ஊர்க்காரர்களே கூடிப் புதுப்பிக்கிறார்கள். அந்தப் படங்களையும் வீடியோக்களையும் அலுக்காமல் பார்க்கிற ஆள் நான். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் கிடையாது. 1978-க்கு முந்தைய பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடி போட்டுக்கொண்டு அடுக்கடுக்காகச் சுரண்டுவார்கள், அடியில் முதன்முதலில் அடித்த நிறம் தெரியும்வரை. தண்டவாளப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் ஜன்னலை மட்டும் தொடவே விடமாட்டார்கள். தந்தி மேசையில் இருந்தபடியே ஸ்டேஷன் ஊழியர் இரண்டு திசையிலும் வரும் ரயிலைப் பார்ப்பதற்காக வைத்த ஜன்னல் அது.

இவர்கள் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் ஒன்றே போதும். 1941 கிறிஸ்துமஸிலிருந்து 1946 ஏப்ரல் வரை அந்த நிலையத்தில் ரயில் நின்ற சில நிமிடங்களுக்குள் அறுபது லட்சம் போர்வீரர்களுக்கு காபியும் சாண்ட்விச்சும் கேக்கும் கொடுத்து அனுப்பினார்கள் சுற்றுவட்டாரத்து மக்கள். அந்தக் கட்டடத்தை 1973-ல் ரயில்வே கம்பெனி இடித்துவிட்டது. 1971 மே 1-ல் பயணிகள் ரயில்களை எடுத்து நடத்த ஆம்ட்ராக் என்ற தேசிய நிறுவனம் வந்தபோது நாட்டின் பயணிகள் ரயில்களில் ஏறக்குறைய பாதி நின்றுபோயின. அப்புறம் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டடங்கள் வெறும் வரிச்சுமை.

ஆகவே, இனி நான் சொல்லப்போவது குறை என்றாலும், இவர்கள் மீது எனக்குள்ள மரியாதையில் இம்மியும் குறைவில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள பழைய நிலையங்கள் பலவற்றில் டிக்கெட் கொடுக்கும் அறை நடுவில் இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் ஜன்னல், இரண்டு பக்கமும் காத்திருப்பு அறை. ஒன்று வெள்ளையர்களுக்கு, இன்னொன்று கறுப்பர்களுக்கு. ஒரே ஊழியர் ஒரே ரயிலுக்கான டிக்கெட்டை இந்தப் பக்கம் திரும்பி ஒருவருக்கும் அந்தப் பக்கம் திரும்பி ஒருவருக்கும் கொடுப்பார். இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 1896-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினைக்கு முத்திரை குத்தியதே ஒரு ரயில் பெட்டி வழக்கில்தான். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளுக்கு ரயிலிலும் காத்திருப்பு அறையிலும் பிரிவினை கூடாது என்று மாநிலங்களுக்கு இடையேயான வணிக ஆணையம் சொல்ல 1955 ஆகிவிட்டது.

இப்போது புதுப்பிக்கும்போது இந்த இரண்டு காத்திருப்பு அறைகளையும் பிரித்து நடுவில் நிற்கும் சுவரை எடுத்துவிடச் சொல்லித்தான் யோசனை வருகிறது. எடுத்தால் பெரிய ஹால் கிடைக்கும், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம். ஒரு கதவுக் கீலுக்காகப் பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்குகிறவர்கள் சுவரை இடிக்கத் தயங்குவதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வரலாற்றுக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு விதிகளே, கட்டடத்தின் தன்மையைச் சொல்லும் உள்ளமைப்பை மாற்றாதீர்கள் என்கின்றன. அந்த நிலையத்தின் தன்மையை அந்தச் சுவரைவிட வேறு எது சொல்லிவிடப்போகிறது?

முடியாத காரியமும் இல்லை. வர்ஜீனியாவில், நான்காவது ஜனாதிபதி மேடிசனின் வீடான மான்ட்பெலியர் பக்கத்தில் 1910-ல் கட்டிய சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. 2010-ல் அதைப் புதுப்பித்தபோது இரண்டு அறைகளையும், வாசலுக்கு மேலே இருந்த ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ பலகைகளையும் உள்ளபடியே காட்டினார்கள். அதே கட்டடத்தில் ஊர் தபால் நிலையமும் இயங்கியது. 2022-ல் தபால் துறை, அந்தப் பலகைகளைத் தங்களோடு சேர்த்துத் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்று சொல்லி அங்கே சேவையை நிறுத்தியது. கண்காட்சி திறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த கவலை! கண்காட்சியை நடத்துகிறவர்களும் ஊர்க்காரர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

பலகையைப் பற்றி நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். பார்த்தால் மனம் நோகும் என்று அந்த ஊரின் கறுப்பினக் குடும்பங்கள் சொன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அது அவர்கள் முடிவு. ஆனால் பல இடங்களில் அவர்களைக் கமிட்டிக்குக் கூப்பிடவே இல்லையோ என்று புகைப்படங்களைப் பார்த்தால் தோன்றுகிறது. அந்தக் கதவு வழியாக நுழைந்த ஞாபகம் உள்ளவர்களில் இளையவர்களுக்கே இன்று எழுபது தாண்டியிருக்கும். பெயின்ட் நிறத்தை அப்புறம்கூடத் தேடிக்கொள்ளலாம், அவர்கள் சொல்வதை இப்போதே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள்.

சரி, வருமானத்துக்கு என்ன செய்வது? நியாயமான கேள்விதான். கூரைக்கும் இன்சூரன்ஸுக்கும் பணம் வேண்டும். ஆனால் இந்த மாதிரி நிலையங்களில் பலவற்றுக்கு ஒரு ஓரத்தில் சரக்கு அறையும் உண்டு. அகலமான தள்ளுகதவு, கனமான பலகைத் தரை, நடுவில் தடுப்பே இல்லாத இடம். கல்யாணத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.