‘பர்சனல் ரீசன்ஸ்’ என்று மட்டும் டைப் பண்ணிடாதீங்க

மூணு மாசம் முன்னாடி, மத்தியான நேரத்தில் அண்ணன் மகன் கூப்பிட்டான். ஆபீஸ் ரெஸ்ட்ரூமில் நின்று பேசுகிறான் என்பது தண்ணீர்ச் சத்தத்திலேயே தெரிந்தது. “சித்தப்பா, ரிசைன் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டேன்.”

சின்ன மீட்டிங் ரூம். மேசையில் டிஷ்யூ பெட்டி, திறந்து வைத்த லேப்டாப். எச்.ஆர். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, “ஒரு வரி போதும்ப்பா, பர்சனல் ரீசன்ஸ்னு போடு, ரெண்டு மாச பேசிக் வரும். இல்லேன்னா டெர்மினேஷன், அடுத்த வேலை கிடைக்காது” என்றாராம். ஆறு வருட வேலை, பன்னிரண்டு நிமிடம்.

வேலை போனதைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆட்குறைப்பு என்றால் காரணம் எழுதி ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம். கூடவே வேலை பார்த்த வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்ததுதான். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இவனுக்கு 90 நாள், அப்புறம் நோட்டீஸ் மாதம். தராமல் அனுப்பினால் ஆட்குறைப்பே செல்லாது, வேலையும் விட்டுப்போன சம்பளமும் கொடு என்று கேட்கலாம். ஆனால் அதெல்லாம் அனுப்பப்பட்டவனுக்கு. தானாகப் போனவனுக்கு ஏது?

2015 ஜனவரியில் கர்ப்பிணியான ஒரு ஐ.டி. ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அவர் கையில் இருந்தது கம்பெனி கொடுத்த கடிதம். இவன் கொடுத்தது இவன் எழுதின கடிதம்.

“இந்தச் சட்டமெல்லாம் தொழிலாளிக்குத்தானே, நான் சீனியர் அசோசியேட், தொழிலாளி இல்லையே” என்றான். பதவிப் பெயரில் என்ன இருக்கிறது, பார்க்கிற வேலைதான் கணக்கு. இவனுக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, நாள் முழுக்கக் கோடிங்.

அன்று இரவே இன்னொரு மெயில் போடவைத்தேன்: யார் இருந்தார்கள், எத்தனை மணி, என்ன சொல்லி எழுத வைத்தார்கள், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன். சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி. பேஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாம் லாகின் போவதற்குள் இறக்கிக்கொண்டான். அப்புறம் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு. முன்பு இப்படிப்பட்ட வழக்குக்கு மூன்று வருட அவகாசம், இப்போது இரண்டு. தொழிலாளிக்காகத்தான் குறைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன்.

முதல் வாய்தாவில் கம்பெனி வக்கீல் ஒரே ஒரு தாளைத்தான் மேசையில் வைத்தார். அந்த ஒரு வரி. அலுவலர் அதைப் படித்துவிட்டு, தேதியைப் பார்த்தார். இரண்டாவது மெயிலின் தேதியையும் பார்த்தார். அடுத்த வாய்தாவுக்கு எச்.ஆரை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.