கருணையை மட்டும் நினைவுகூர்வது யாருக்கு வசதி?

நவம்பர் 26 நெருங்கும்போதெல்லாம் மும்பைத் தமிழர்களின் பக்கங்களில் 2008 மும்பை பயங்கரவாதத் தாக்குதலைப் பற்றிய பதிவுகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலானவை அன்றிரவு முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்த உதவிகளைப் போற்றுபவை. போற்ற வேண்டியவைதாம். ஆனால், அந்த நாட்களில் இந்த நகரத்துக்கு வந்த கோபத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை என்பது என்னை உறுத்துகிறது.

கொல்லப்பட்ட 166 பேரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் இறந்தவர்கள். நெடுந்தூர வண்டிகளுக்காக மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்த எளிய மக்களே அவர்களில் மிகுதி. சென்னை மெயிலுக்கும் நாகர்கோவில் வண்டிக்கும் தாராவித் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த நிலையம் அது. (தொலைக்காட்சிகள் தாஜ் ஹோட்டலின் குவிமாடத்தைக் காட்டிய நேரத்தில் பாதியையாவது இந்த நிலையத்துக்கு ஒதுக்கியிருக்கலாம்.) அங்கே அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையை விட்டு நகராமல், பயணிகளைப் பின்வழியாக வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் அறிவித்துக்கொண்டிருந்தார். ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஜில்லு யாதவ், ஏகே-47 வைத்திருந்தவர்கள்மீது ஒரு நாற்காலியைத் தூக்கி வீசினார். காமா மருத்துவமனையில் செவிலியர் அஞ்சலி குல்தே, 20 கர்ப்பிணிகளை ஒரு சிறிய அறைக்குள் சேர்த்து விளக்கை அணைத்துக் காத்தார். கிர்காவ் சௌபாட்டியில் லத்தி மட்டுமே வைத்திருந்த துக்காராம் ஓம்பளே, உயிரோடு பிடிபட்ட ஒரே பயங்கரவாதியான கசாப்பின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பற்றிக்கொண்டு உயிரை விட்டார்.

இவற்றைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்குகிறது. அடுத்த கணமே ஆத்திரமும் வருகிறது. நாட்டின் நிதித் தலைநகரில் ஒரு காவலருக்கு மிஞ்சிய ஆயுதம் நாற்காலியாகவும், இன்னொருவருக்கு லத்தியாகவும் இருந்தது ஏன்? அவர்களின் துணிச்சலை ஆண்டுதோறும் கொண்டாடிவிட்டு இந்தக் கேள்வியை விட்டுவிட்டால், பொறுப்பில் இருந்தவர்களுக்கு அதைவிட வேறென்ன நிம்மதி வேண்டும்?

அன்றைய கோபம் எல்லாமே நியாயமானது என்று நான் சொல்லவில்லை. அண்டை வீட்டு முஸ்லிமை முறைத்துப் பார்த்த கோபமும் அதில் கலந்திருந்தது. கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளுக்கும் தங்கள் அடக்கத்தலத்தில் ஒரு குழிகூடத் தர முடியாது என்று மும்பை முஸ்லிம் அமைப்புகள் மறுத்தபோது, அவர்களின் கோபம் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாக இருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

டிசம்பர் 3 அன்று கேட்வே ஆஃப் இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அரசியல்வாதிகளைச் சாடினார்கள். மத்திய உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீலும் மாநில முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும் பதவி விலகினார்கள். பெரிய நகரங்களில் இப்படிச் சின்னச் சின்னச் சம்பவங்கள் நடப்பதுண்டு என்று பேசிய மாநில உள்துறை அமைச்சர் ஆர்.ஆர்.பாட்டீலும் விலக நேர்ந்தது. ஐந்தே மாதங்களில், 2009 ஏப்ரல் 30 அன்று மக்களவைத் தேர்தல் வந்தது. மறுநாள் மகாராஷ்டிர தினம், அதையடுத்து வாரக்கடைசி என்று தொடர் விடுமுறை. மெழுகுவத்தி ஏந்திய தென் மும்பையில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை. முதலாம் ஆண்டு அஞ்சலிக்கு முன்பே, அந்த நவம்பரிலேயே, ஆர்.ஆர்.பாட்டீல் அதே உள்துறைக்கு மறுபடி அமைச்சரானார். அதைக் கண்டித்து கேட்வேயில் யாரும் கூடியதாக எனக்கு நினைவில்லை.