ஒரு ஸ்கேன் 'நார்மல்' என்றால் டிமென்ஷியா இல்லையா?

"ஐம்பது வயதில் குணம் மாறினால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுங்கள். நார்மல் என்று வந்தால் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா கிடையாது, வெறும் பிடிவாதம்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

டிமென்ஷியா என்பது நினைவு, சிந்தனை, நடத்தை மெல்லச் சீர்குலையும் மூளை நோய். அதில் ஒரு வகையான இந்த நோய், மூளையின் நெற்றிப் பக்கத்தையும் காதோரப் பொட்டுப் பக்கத்தையும் தாக்குகிறது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். அந்தப் பகுதிகள் சுருங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் சுருக்கம் கண்ணுக்குப் படாமலே போகலாம். அப்போது, மூளை சர்க்கரையை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் சிலருக்கு உதவும். கட்டி, ரத்தக்கசிவு போன்ற வேறு காரணங்களை விலக்கவும் ஸ்கேன் தேவை. அதனால் ஸ்கேனே வீண் என்று சொல்ல வரவில்லை.

2011இல் 'பிரெயின்' ஆய்விதழில் வெளியான சர்வதேச வரையறையைப் பாருங்கள். நடத்தை மாற்றத்தில் தொடங்கும் வகைக்கானது அது. அறிகுறிகள் மட்டும் பொருந்தினால் 'இருக்கலாம்'. அன்றாட வேலைகளில் தடுமாற்றமும் ஸ்கேன் மாற்றமும் சேர்ந்தால் 'பெரும்பாலும் இதுதான்'. உறுதி என்று சொல்ல, மரபணு மாற்றமோ மூளைத் திசுப் பரிசோதனையோ வேண்டும். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவன இணையதளத்திலும் இந்நோய் பற்றிய விளக்கம் இருக்கிறது.

அக்கறை மறைவது, கூச்சமின்றி நடப்பது, இனிப்பாகத் தின்றுகொண்டே இருப்பது எல்லாம் அறிகுறிகளாக இருக்கலாம். நோயாளியைத் திமிர் பிடித்தவர் என்று வீடே ஒதுக்கிவிடுவது எத்தனை கொடுமை! நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாற்றங்களைக் கவனித்த வீட்டு ஆள் ஒருவரும் கூடப் போங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.