மூலிகை டை என்றால் பயமில்லையா?

வெறும் மருதாணி தலைமுடியைக் கருப்பாக்காது. அதிலுள்ள லாசோன் என்ற நிறமி நரைமுடியைச் செம்பட்டையாக்கும், அவ்வளவுதான். கருப்பு வேண்டுமென்றால் அதற்குப் பிறகு அவுரி (இண்டிகோ) இலைப் பொடியைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு அலச வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் போய்விடும். ‘ஹெர்பல்’ என்று போட்ட பாக்கெட் ஒன்று அரை மணி நேரத்தில் முடியைக் கன்னங்கரேலென்று ஆக்குகிறதா? அது இலையின் வேலை இல்லை. பெரும்பாலும் பிபிடி என்கிற பாராஃபீனிலீன்டைஅமீன், அல்லது அதே வகை ரசாயனம்.

அடுத்த முறை கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் முழுக்கப் பச்சை இலை, நெல்லிக்காய், செம்பருத்தி. பின்பக்கம், மடித்து ஒட்டிய ஓரத்தில், பொடி எழுத்தில் அந்தப் பெயர். சில பாக்கெட்டில் அதுகூட இருக்காது.

பிரபலமான கம்பெனி டையிலும் இதே பிபிடி இருக்கத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவில் கையுறை இருக்கும், எச்சரிக்கைச் சீட்டு இருக்கும், 48 மணி நேரம் முன்னாடியே தோலில் கொஞ்சம் தடவிப் பாருங்கள் என்று எழுதியிருக்கும். மூலிகை என்று நம்பி வாங்குபவர் அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

என் சித்திக்கு அப்படித்தான் ஆனது. மறுநாள் காலையில் இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. காதோரம் நீர்க் கொப்புளம். “கெமிக்கல் எதுவும் போடலையேப்பா, ஹெர்பல்தானே போட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வருஷக்கணக்காகப் போட்டும் ஒன்றும் ஆகாதவர்களுக்குக்கூட இந்த பிபிடி ஒவ்வாமை திடீரென்று வரலாம், வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பொருட்காட்சியில் குழந்தைகள் கையில் வரைகிற ‘கருப்பு மருதாணி’யிலும் பிபிடி கலந்திருக்கலாம். தயவுசெய்து வேண்டாம். அன்று கையில் பட்டது, வளர்ந்த பிறகு டை போடும்போது தலையில் வெடிக்கலாம்.

நான் சீயக்காய்க்கோ அரப்புக்கோ எதிரி இல்லை. அரைத்த மருதாணியும் அவுரியும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். பொறுமை இருந்தால் அதைத்தான் போடச் சொல்வேன். ஆனால் எல்லாவற்றிலும் இயற்கைதான் மேல் என்று சொல்ல மாட்டேன். பல் சொத்தையைத் தடுக்க ஃபுளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட்தான் என் தேர்வு. இயற்கையா ரசாயனமா என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கேரளாவில் மலப்புரம் பக்கம் 2023-ல் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த கிரீம்களில் இருந்தது பாதரசம்.

டை போட்டு அரிப்போ வீக்கமோ வந்தால் உடனே நன்றாக அலசிவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அந்தக் காலி பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘ஏதோ மூலிகை’ என்று மட்டும் சொன்னால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?